சங்கு மண்டலத்தின் முதல் நட்சத்திரம்

செடெனாக்
3 மார்ச் 2024

அன்புள்ள அண்ணா,

சங்கு மண்டலத்தின் முதல் நட்சத்திரம் எரிகிறது. அதைத்தான் முதலில் பார்த்தேன். நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மறுவாழ்வு இல்லத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு இந்த மாதம் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். நான் வழக்கம்போல அங்கம்மா அக்காவின் கடைக்குப் பூக் கட்டித் தருகிறேன். அக்கா வேனில் வந்து மூட்டையை இறக்கிவிட்டு, கட்டிய சரங்களை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

நேற்று வேலை சீக்கிரம் முடிந்தது. நீ போன பிறகு முதல்முறையாக உன் மடிக்கணினியைத் திறந்தேன். விளையாட்டில் நம் மின்னியை ஏரி வீட்டு வாசலில்தானே நிறுத்திவிட்டுப் போனோம்? அவள் வேறு ஏதோ ஊரில், ஒரு கொல்லன் பட்டறையில் நிற்கிறாள். நான்தான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வானத்தைத் திறந்தேன். அவள் தலையை நிமிர்த்தினாள். எல்லா மண்டலங்களும் சுழன்று வந்தன. வில், உரல், சம்மட்டி, கொக்கி, கடைசியில் சங்கு.

முதன்முதலில் அந்த வானத்தைக் காட்டி நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "ஒவ்வொரு மண்டலமும் ஒரு தெறமை, லோஷி. வில்லு விட்டாத்தான் வில்லு வளரும், மூலிகை இடிச்சாத்தான் உரல் வளரும். செய்யாத வேலை இங்க வளராது. வளர்ந்ததுக்குக் கூலி ஒரே ஒரு நட்சத்திரம். எங்க ஏத்தலாம்னு நாமதான் முடிவு பண்ணணும். ஏத்தினா ஏத்தினதுதான், அணைக்க முடியாது." அதனால்தான் நாம் இருவரும் சேர்ந்து உட்காராமல் ஒரு நட்சத்திரத்தைக்கூட ஏற்றியதில்லை.

சங்கு பேச்சுத் திறமைக்கானது. வியாபாரியிடம் விலை பேச, காவலனைச் சம்மதிக்க வைக்க. அதை இருட்டாகவே விட்டு வைத்தோம். அது உன் யோசனை. வெளியாள் ஒருவரிடம் நான் வாய் திறந்து ஒரு காரியத்தைப் பேசி முடிக்கும் நாளில்தான் அதன் முதல் நட்சத்திரம் என்றாய். நான் இன்னும் யாரிடமும் எதையும் பேசி முடிக்கவில்லை.

அப்படியிருக்க, அதை ஏற்றியது யார்? இல்லத்தில் கணினி இருக்கிறதா? நீயா அண்ணா?

உடம்பைப் பார்த்துக்கொள். கொசுவலை கேட்டு வாங்கிக்கொள். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் தங்கை,
லோஷி


பொந்தியான்
18 மார்ச் 2024

அன்புத் தங்கை லோஷினிக்கு,

உன் அண்ணன் கவின் எழுதுவது. நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் நலம் என அறிந்து மகிழ்ச்சி.

இல்லத்தில் கணினி, கைப்பேசி எதற்கும் அனுமதி இல்லை. அவையே நம்மைக் கெடுத்த பழக்கங்கள் என்பதை இங்கு வந்த பிறகு உணர்ந்துள்ளேன். காலையில் பிரார்த்தனை, பிறகு தோட்ட வேலை, மாலையில் நல்லுரை. கங்கோங் கீரையும் வெண்டியும் போட்டிருக்கிறோம். இல்லத்தை நடத்தும் மாஸ்டர் எங்களைத் தன் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்கிறார்.

அந்த விளையாட்டுக் கணக்கை யாராவது திருடியிருக்கலாம். என் பழைய நண்பர்களுக்குக் கடவுச்சொல் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. நீ அதைத் திறந்து பார்க்க வேண்டாம். அம்மாவிடமும் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

அம்மாவின் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கவின்


செடெனாக்
27 மார்ச் 2024

அன்புள்ள அண்ணா,

நலம். உன் நலத்தைக் கடிதத்தில் படித்தேன். கங்கோங்கும் வெண்டியும் நன்றாக வரட்டும். ஆனால் நீ என்னை எப்போதிருந்து "லோஷினி" என்று அழைக்கிறாய்? அப்படி அழைத்தது பள்ளி மட்டும்தான், அதையும் மூன்றாம் படிவத்தோடு விட்டுவிட்டேன்.

பழைய நண்பர்கள் என்று எழுதியிருந்தாய். உனக்கு விஜயனை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீ கெட்டது அவனோடு, கணினியில் உட்கார்ந்ததும் அவனோடுதான். ஆகவே அவன்தான் திருடன் என்று முடிவு செய்தேன். கோபமாக வந்தது. மின்னியை அவன் தொட்டிருக்கிறான் என்று நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தால் உள்ளே விடவில்லை. "இந்தக் கணக்கு வேறு இடத்தில் திறந்திருக்கிறது, இங்கே தொடரட்டுமா?" என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு, அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் ஓடினேன். விஜயன் கார் கழுவும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

அவன் முழங்கால்வரை நனைந்து, ஒரு வேனுக்கு அடியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான்.

"ஏய் லோஷி! அண்ணன் எப்படி இருக்கான்? கடுதாசி போட்டானா? நான் எல்லாத்தையும் விட்டுட்டேன்லா, அவன்கிட்ட சொல்லு."

எனக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் அதே கேள்வி. அப்படியென்றால் விஜயன் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் ஒருமுறை உள்ளே விட்டது. சம்மட்டி மண்டலம் ஏறக்குறைய முழுவதும் எரிகிறது அண்ணா. நாம் போன வருடம் முழுக்க ஆடியும் அதில் நான்கு நட்சத்திரம்கூட ஏறவில்லை. இரும்பைத் தட்டித் தட்டிக் கத்தி செய்வதைப் போலச் சலிப்பான வேலை உலகத்திலேயே இல்லை என்று நீதானே சொன்னாய்? யாரோ இரவும் பகலும் தட்டியிருக்கிறார்கள்.

நான் கடவுச்சொல்லை மாற்றிவிடட்டுமா? மாற்றுவதற்கான எண் உன் மின்னஞ்சலுக்குத்தான் வரும், அது இந்தக் கணினியில் திறந்தே இருக்கிறது. பதில் போடு. மருந்து மாத்திரை ஏதாவது கொடுத்தால் என்ன என்று கேட்டுவிட்டுச் சாப்பிடு.

லோஷி


பொந்தியான்
16 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் நலம். இங்கு சர்க்கரைப் பொங்கல் செய்தார்கள். அம்மாவுக்கும் என் வாழ்த்துகளைச் சொல்லவும்.

கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம். அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிடு. அது எனக்கு இனித் தேவையில்லாத ஒன்று, அதைப் பற்றி நினைப்பதே என் சிகிச்சைக்குத் தடையாக இருக்கிறது என்று மாஸ்டர் கூறுகிறார். அவர் எல்லாருடைய கடிதங்களையும் அன்போடு படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார், படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்.

வலது மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம். தோட்ட வேலையால் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை.

நீ பூக் கட்டும்போது விரலில் துணி சுற்றிக்கொள். நூல் அறுக்கும்.

கவின்


செடெனாக்
25 ஏப்ரல் 2024

அண்ணா,

நாங்கள் நலம். உன் மணிக்கட்டுக்கு அம்மா தைலம் அனுப்பச் சொன்னார். எங்கே அனுப்புவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நீ அங்கே இருக்கிறாயா?

மாஸ்டர் படிக்கட்டும். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. தேவையில்லாத கணக்கு என்கிறாய், ஆனால் கடவுச்சொல்லை மட்டும் மாற்றக்கூடாது என்கிறாய். தேவையில்லாத வீட்டுக்கு யாராவது சாவி வைத்துக்கொள்வார்களா? அந்தச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது. நீ இல்லத்தை விட்டு ஓடிவிட்டாய், ஏதோ ஒரு ஊரில் கணினிக் கடையில் உட்கார்ந்திருக்கிறாய், உனக்குத் தெரிந்த எவனோ அங்கிருந்து கடிதங்களை அனுப்புகிறான் என்று நினைக்கிறேன். மறுபடியும் அந்தப் போதைப் பழக்கத்துக்கே போய்விட்டாய் என்றும் நினைக்கிறேன். ராப்பகலாகத் தூங்காமல் தட்டிக்கொண்டிருக்க வேறு எதனால் முடியும்? முன்பு நீ அப்படித்தான் தூங்காமல் இருந்தாய். நான்தான் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னதும் நான்தான்.

அம்மா வெள்ளிக்கிழமைதோறும் உனக்காகப் பட்டினி கிடக்கிறார். ஷிப்ட் முடிந்து வந்ததும், தபால் வந்ததா என்றுதான் முதலில் கேட்கிறார்.

போனது போகட்டும். சங்கு மண்டலத்தை எதற்காகத் தொட்டாய்? நான் பேசமாட்டேன், பேசவே போவதில்லை, இனிக் காத்திருந்து என்ன என்று கேலியா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

லோஷினி


பொந்தியான்
20 மே 2024

லோஷி,

நலம். நான் இல்லத்தில்தான் இருக்கிறேன். உங்கள் சந்தேகம் தீர வேண்டும் என்று 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்து பார்க்க மாஸ்டர் அனுமதி கொடுத்திருக்கிறார். அம்மா வரட்டும். நீயும் வந்தால் நல்லது. வரமாட்டாய் என்று தெரியும்.

நான் உன்னைக் கேலி செய்ததே இல்லை.

கவின்


செடெனாக்
1 ஜூன் 2024
(இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை)

அன்புள்ள அண்ணா,

நீ நலமில்லை. அதை நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் வரவில்லை. பேருந்தில் டிக்கெட் கேட்க வேண்டும், வாசலில் யார் என்று சொல்ல வேண்டும், மாஸ்டருக்கு வணக்கம் வைக்க வேண்டும். அம்மா மட்டும்தான் வந்தார். நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய்.

அம்மா திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"வெள்ளையாயிட்டான் லோஷி! ஆளே பளிச்சுன்னு இருக்கான், கல்யாண மாப்பிள்ள மாதிரி. அந்த அசிங்கமெல்லாம் ரத்தத்துல இருந்து எறங்கிடுச்சுன்னு மாஸ்டர் சொன்னாரு. உள்ளங்கையப் புடிச்சுப் பார்த்தேன், பஞ்சு மாதிரி இருக்கு."

"மாஸ்டர் கூடவே இருந்தாராம்மா?"

"பக்கத்துலயே உக்காந்திருந்தாரு, பாவம். காப்பியெல்லாம் போட்டுக் குடுத்தாரு."

நான் பூக் கட்டுவதை நிறுத்திவிட்டேன். பொந்தியான் வெயிலில் மூன்று மாதமாகக் கீரைப் பாத்தி கொத்துகிறவன் எப்படி வெளுப்பான்? மண்வெட்டி பிடிக்கிறவன் கை எப்படிப் பஞ்சாகும்? மணிக்கட்டு மட்டும் எப்படி வீங்கும்? என் விரல்களைப் பார்த்தேன். பூக் கட்டுகிற விரல்களிலேயே காய்ப்பு இருக்கிறது.

கணினியைத் திறந்தேன். அதே கேள்வி வந்தது. இதுவரை வேண்டாம் என்றே அழுத்தி வந்தேன். நேற்றுத் தொடரட்டும் என்று அழுத்தினேன். அந்த நொடியில் எங்கேயோ உன் திரை அணைந்திருக்கும். உன்னைத் திட்டியிருப்பார்களோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

மின்னி பட்டறையில் நின்றாள். பையைத் திறந்தால் கத்தி, கத்தி, கத்தி. ஒரே மாதிரி இரும்புக் கத்திகள், உருட்டி உருட்டிக் கை வலித்தது, முடியவில்லை. அவற்றை யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அயல்நாட்டுப் பெயர்கள் வரிசையாக இருந்தன. செய்தால்தான் திறமை வளரும் என்பதுதானே இந்த விளையாட்டின் விதி. செய்யப் பொறுமை இல்லாதவர்கள் வேறு யாரையாவது செய்ய வைக்கிறார்கள். அந்த வேறு யாரோ நீதான். அந்த இல்லத்தில் சிகிச்சைக்கு வந்த எல்லாரும்தான். தோட்டம் இருந்தால் அது வாசலில் அம்மாக்கள் பார்ப்பதற்காக இருக்கும்.

பிறகு வானத்தைத் திறந்தேன். சம்மட்டி மண்டலம் முழுவதும் எரிந்தது. அது அவர்கள் ஏற்றச் சொன்னது. சங்கில் முதல் நட்சத்திரத்துக்கு மேலே இரண்டாவதும் எரிந்தது. அது யாரும் ஏற்றச் சொன்னதில்லை. கத்தி தட்டுகிறவனுக்குப் பேச்சு எதற்கு? விலை பேச நேரம் உண்டா? அவர்கள் பார்க்காத ஏதோ ஒரு நொடியில் நீ ஏற்றியது. இந்த உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் அது கண்ணில் படும் என்று தெரிந்து ஏற்றியது.

அதை நான் என்ன செய்தேன் தெரியுமா? மாஸ்டர் படிக்கிற கடிதத்தில் எழுதிக் கேட்டேன். அதுவும் முதல் வரியிலேயே. அதன் பிறகு உன் கடிதங்களை அவர்தான் சொல்லச் சொல்ல எழுத வைத்திருக்கிறார். நூல் அறுக்கும், துணி சுற்றிக்கொள் என்ற ஒரு வரி மட்டும் உன்னுடையது.

அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. நம்பிய பிறகும் பயந்தார். "நான்தான் கையெழுத்துப் போட்டு அவன அங்க சேர்த்திருக்கேன் லோஷி. போலிஸ் பலாய்க்குப் போனா மொதல்ல அவனத்தான் புடிப்பாங்க. வெள்ளையா, நல்லா இருக்கான். விட்டுடு."

செலவழிக்காத நட்சத்திரம் ஒன்று மிச்சம் இருந்தது. சங்கின் மூன்றாவது நட்சத்திரத்தை ஏற்றினேன். பார்த்துவிட்டேன் என்று உனக்குச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. கடவுச்சொல்லை மாற்றவில்லை. மாற்றினால் அவர்களோடு உன்னையும் வெளியே தள்ளிப் பூட்டியது போல ஆகிவிடும்.

நாளைக்கு எழுதப்போகும் கடிதம்தான் உனக்குத் தபாலில் வரும். அதை நம்பாதே.

உன் லோஷி


செடெனாக்
2 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மா உன்னைப் பார்த்துவிட்டு வந்து மிகவும் சந்தோஷமாக இருக்கிறார். நீ நிறமும் உடம்புமாக இருப்பதாகச் சொன்னார். என் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிட்டது. போன கடிதத்தில் தவறாக எழுதியதற்கு நீயும் மாஸ்டரும் என்னை மன்னிக்க வேண்டும்.

அந்தக் கணினியில் ஏதோ கைதவறி அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. இனி அதைத் தொடமாட்டேன். துணி போட்டு மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். விளையாட்டெல்லாம் எனக்கும் போதும்.

உன் மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா? தோட்ட வேலையைக் கவனமாகச் செய். இல்லத்தில் உள்ள மற்ற அண்ணன்களையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தங்கை,
லோஷினி


பொந்தியான்
24 ஜூன் 2024

அன்புத் தங்கை லோஷினிக்கு,

நலம். உன் கடிதம் மகிழ்ச்சி அளித்தது. மாஸ்டரும் படித்துவிட்டு மகிழ்ந்தார். நீ பொறுப்பான பெண்ணாகிவிட்டாய் என்று பாராட்டினார்.

சிகிச்சை இன்னும் ஒரு வருடம் நீடிக்கும் என்று முடிவாகியிருக்கிறது. அம்மா வருத்தப்பட வேண்டாம். புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை பழக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வீக்கம் இன்னும் இருக்கிறது, இப்போது இடது கையையும் பழக்கிக்கொள்கிறேன்.

எங்கள் அறைக்குச் சன்னல் இல்லை. ஆனாலும் அன்றொரு நாள் வானம் பார்க்கக் கிடைத்தது. மூன்று நட்சத்திரம் தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடல்நலத்தைப் பேணவும்.

கவின்


பொந்தியான்
5 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

ஊர் பெயரைப் பார்த்தாயா? இந்தக் கடிதம் தபாலில் வராது, மாஸ்டரும் படிக்கமாட்டார். பொந்தியான் போலிஸ் பலாயில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பூக் கட்டும் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உனக்கு எழுதி எழுதியே பழகிவிட்டது. எழுதாமல் உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன்.

உன் கடிதம் வந்த அன்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னும் ஒரு வருடம்" என்ற இடத்தில் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். சன்னல் இல்லை என்ற இடத்தில் நிமிர்ந்தார். "சன்னல் இல்லாத ரூம்ல எப்படி நட்சத்திரம் பார்த்தான்?" என்று கேட்டார். நான் கணினியைத் திறந்து அந்த மூன்றையும் காட்டினேன். அம்மாவுக்கு அந்த வானம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் மூன்று என்பது புரிந்தது.

ஆனாலும் பலாய்க்குப் போக அம்மாவுக்குத் துணிவு வரவில்லை. மறுநாள் அங்கம்மா அக்கா பூ எடுக்க வந்தார். சர மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேன் வரை போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா, எங்களைப் பொந்தியானுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

அக்கா மூட்டையைக் கீழே வைத்தார். "ஏண்டி, ரெண்டு வருஷமா இந்த வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன். இன்னைக்குத்தான் உன் குரல் எப்படி இருக்கும்னே தெரியுது. என்னடி விஷயம்?"

சொன்னேன். பாதியில் நிறுத்தி மறுபடியும் தொடங்கினேன். அக்கா அவசரப்படுத்தவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "வெள்ளிக்கிழம கட மூடுறேன். உங்க அம்மாவ நான் பார்த்துக்கறேன்" என்றார். அம்மாவை அவர் எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று தெரியாது. சமையலறையில் இருவரும் கத்திக்கொண்டது மட்டும் கேட்டது. வெளியே வந்த அம்மா உன் பிறப்புப் பத்திரத்தைத் தேட ஆரம்பித்தார்.

இன்று காலை அக்காவின் வேனில், மல்லிகை வாடையோடு இங்கே வந்தோம். சார்ஜன் வயதானவர், நல்லவர் போலத்தான் இருந்தார். யார் பேசப்போவது என்று மலாயில் கேட்டார். அம்மா வாய் திறந்ததும் அழுதுவிட்டார். அக்கா முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த மலாயில், பையனை இல்லத்தில் சேர்த்தால் அங்கே நாள் முழுக்கக் கேம் ஆடவைக்கிறார்கள் என்று சொன்னார்.

சார்ஜன் சிரித்தார். "அப்படி ஒரு இல்லமா? என் மகனும் கேட்டால் இன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடுவான்."

அக்காவுக்கு முகம் சிவந்தது. அம்மா என் கையைப் பிடித்து, "வா, போயிடலாம்" என்றார்.

வகுப்பில் என்னை எழுந்து படிக்கச் சொன்ன நாள் நினைவுக்கு வந்தது. அன்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு எழுத்தும் வரவில்லை. அதற்கு மறுநாளிலிருந்துதான் நான் பள்ளிக்குப் போகவில்லை. இன்றும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கணினியை எடுத்து சார்ஜனின் மேசைமேல் வைத்தேன்.

"துவான், அது கேம் இல்லை. வேலை" என்றேன். என் மலாய் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வானத்தைத் திறந்து சம்மட்டி மண்டலத்தைக் காட்டினேன். இந்த விளையாட்டில் தட்டாமல் இது வளராது என்றேன். பக்கத்து மேசையில் இருந்த இளம் பெண் போலிஸ் எட்டிப் பார்த்தார். "அலமாக்! சம்மட்டி முழுசாவா?" என்று எழுந்தே வந்துவிட்டார். அவரும் ஆடுகிறவராம். "துவான், இதை யாரும் ஆசைக்குச் செய்யமாட்டார்கள். நான் ஒரு வாரம் தட்டிப் பார்த்துவிட்டு விட்டேன், பைத்தியம் பிடித்துவிடும்." மின்னியின் பையிலிருந்த கத்திகளை உருட்டிப் பார்த்தார். அயல்நாட்டுப் பெயர் வரிசையைப் பார்த்ததும் திரையைச் சார்ஜன் பக்கம் திருப்பினார். காலையும் மதியமும் மாலையும் கணக்கு திறந்திருந்த செய்தியை நான் என் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதையும் கொடுத்தேன்.

சார்ஜன் இப்போது சிரிக்கவில்லை. "உன் அண்ணனுக்கு இருபது வயது. சிறுவன் இல்லை. தன்னை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவனே சொன்னானா?" என்று கேட்டார்.

"சொன்னான்" என்றேன்.

"எப்போது? எப்படி?"

சங்கு மண்டலத்தைக் காட்டினேன். நம் ஒப்பந்தத்தைச் சொன்னேன். முதல் நட்சத்திரம் எப்போது எரிந்தது, இரண்டாவது எப்போது, மூன்றாவதை நான் ஏற்றியது, அதைப் பார்த்ததாக நீ எழுதியது. உன் கடிதத்தை எடுத்து, சன்னல் இல்லாத அறை என்ற வரியை மலாயில் படித்துக் காட்டினேன். எழுந்து நின்று, சத்தமாக, ஒரு வரி விடாமல். அண்ணா, நான் படித்து முடித்துவிட்டேன்.

சார்ஜன் அந்த இல்லத்தின் பெயரை எழுதிக்கொண்டார். அந்தப் பெயரை அவர் முன்பே எங்கேயோ கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு எழுந்து யாரையோ போனில் கூப்பிட்டார். அந்த நேரத்தில்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

இப்போது வாசலில் ஜீப் வந்து நிற்கிறது, பின்னால் இன்னொரு வண்டியும். பெண்கள் மூவரும் இங்கேயே காத்திருக்கட்டும், போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்கிறார் சார்ஜன். அம்மா சரி என்று தலையாட்டுகிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. போலிஸைக் கண்டதும் மாஸ்டர் யாரையாவது ஒருவனைக் கொண்டுவந்து இவன்தான் கவின் என்று நிறுத்தினால் இவர்களுக்கு எப்படித் தெரியும்? நீ பயந்துகொண்டு, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால்?

(இதற்கு மேல் ஜீப்பில் எழுதியது. எழுத்து ஆடுகிறது.)

எழுந்து சார்ஜனிடம் போனேன். "சாயா இக்குட்" என்றேன், நானும் வருகிறேன் என்று. வேண்டாம் என்றார். மறுபடியும் சொன்னேன். பிறகு முன்கதவைத் திறந்து நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

உன் லோஷி